அப்பாவும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையும்

முதல் நாள், சனிக்கிழமை: அடிலெய்டு – வூமெரா

அப்பா கோவில்பட்டியில் 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அதனால் இந்தப் பயணம் முழுக்க அவருக்கு முன்பக்க இடது சீட்தான். நானோ கவிதாவோ ஓட்டுவோம், அவர் பார்த்துக்கொண்டு வருவார். "பார்த்துக்கொண்டு" என்று சும்மா எழுதிவிட்டேன். நான் பிரேக் போடுவதற்கு முன்பே அவர் கால் தரையை அழுத்திவிடுகிறது.

அடிலெய்டிலிருந்து வடக்கே போய், ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை அடைவது திட்டம். வழியில் உலுரு என்ற பெரிய பாறைக்கு ஒரு சுற்று. வெள்ளிக்கிழமை ஆலிஸில் 'ஷோ', அதாவது ஊர்ப் பொருட்காட்சி. அதற்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் எழுதிப் போடுகிறேன். கிடைக்காத நாளில் மறுநாள் வரும்.

போர்ட் அகஸ்டா வரை, சுமார் 310 கி.மீ., சாதாரணப் பயணம்தான். கோதுமை வயல், காற்றாலை, அப்புறம் கடலின் நுனி. அங்கே டாங்கி நிறைய பெட்ரோல் போட்டு, 20 லிட்டர் தண்ணீரும் வாங்கி வைத்தோம். ஊர் எல்லை தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, பிறகு புதராகி, அப்புறம் அதுவும் இல்லை. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை இங்கிருந்து வடக்குக் கரையில் இருக்கும் டார்வின் வரை போகிறது. 1862-ல் ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் என்பவர் தெற்கிலிருந்து வடக்குக் கடற்கரை வரை இந்தக் கண்டத்தைக் குதிரையில் கடந்தார். அதற்கு முன் பலமுறை கிளம்பிப் பாதியில் திரும்பியிருக்கிறார். அவர் போன தடத்தை ஒட்டித்தான் 1872-ல் தந்திக் கம்பி போட்டார்கள். சாலை பின்னால் வந்தது. முழுதும் தார் போட 1980கள் வரை ஆகிவிட்டது.

பிம்பாவை நெருங்கும்போது எதிரில் வந்த பிக்கப் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த வண்டியும் அப்படியே. டயரில் ஏதோ பிரச்சினை என்று சைகை காட்டுகிறார்களோ என்று பயந்துவிட்டேன்.

"வணக்கம் வைக்காம்ல. நீயும் விரலைத் தூக்கு" என்றார் அப்பா.

ஊரில் எதிரெதிரே வரும் பேருந்து ஓட்டுநர்கள் கை தூக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா ஆட்களுக்குள் ஒற்றைக் கை வணக்கம், இரண்டு விரல் "முன்னால செக்கிங் நிக்கான்". இங்கே செக்கிங் கிடையாது. மனிதனைப் பார்த்தேன் என்பதற்கு ஒரு விரல், அவ்வளவுதான். அதற்குப்பின் எதிரில் வந்த எல்லா வண்டிக்கும் அப்பாவே விரல் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

வூமெராவில் தங்கல். 1947-ல் ஏவுகணை சோதிக்க அமைத்த ஊர். 1982 வரை வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. ஊர் நடுவே பழைய ராக்கெட்டுகளைத் திறந்த வெளியில் நட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆர்வம் இல்லை. தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

இரண்டாம் நாள், ஞாயிறு: வூமெரா – கூபர் பீடி

காலையில் ஹார்ட் ஏரி. ஏரி என்பது பெயருக்குத்தான், கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. அப்பா குனிந்து ஒரு கட்டியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "தூத்துக்குடி உப்புதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கிளெண்டாம்போவில் ஒரு பலகை: ஆடுகள் 22,500, ஈக்கள் உத்தேசமாக 20 லட்சம், மனிதர்கள் 30. குளிர்காலம் என்பதால் ஈக்கள் விடுப்பில் போயிருந்தன. இங்கே விட்டால் கூபர் பீடி வரை 250 கி.மீ.க்கு மேல் பெட்ரோல் பங்க் இல்லை. இதையும் பலகையில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஈக்களை எழுதியதுபோல் சுவாரசியமாக எழுதவில்லை.

இந்த நெடுந்தூரத்தில்தான் முதல் 'ரோடு டிரெயின்' வந்தது. ஒரே இழுவை லாரிக்குப் பின்னால் மூன்று டிரெய்லர். சட்டப்படி 53.5 மீட்டர் வரை நீளம் போகலாம். நம்மூர்ப் பேருந்து நாலரையை வரிசையாக நிறுத்தியதுபோல. முதலில் தொடுவானத்தில் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு சுவர், அப்புறம் காற்று வந்து நம் காரை ஓரமாகத் தள்ளும். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கடைசி டிரெய்லர் கடந்துபோகும் வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டாவது ரோடு டிரெயின் எங்களுக்கு ஒரு கல்லைப் பரிசாகத் தந்தது. "டக்" என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியின் வலது கீழ் மூலையில் மிளகளவு ஓட்டை, அதிலிருந்து அரை விரல் நீளத்துக்கு விரிசல். கவிதா நகப்பூச்சு எடுத்து அதன்மேல் தடவினாள். அப்பா யோசனைதான். "எங்க டெப்போல இதுகூட இருக்காது தாயி" என்றார் அவளிடம். இளஞ்சிவப்பு நிறம். அழகாகத்தான் இருக்கிறது.

வழியில் சாலையின் குறுக்கே பியானோ கட்டைபோல வெள்ளைப் பட்டைகள். விமான ஓடுபாதைக் குறி! அவசரம் என்றால் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் நெடுஞ்சாலையிலேயே இறங்கும். போக்குவரத்தை நிறுத்திவிட்டு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும். இதைச் சொன்னதும் அப்பா என்னைக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தப் பட்டைகள்மீது நடந்து பார்த்தார். பிரசவ வலி வந்த பெண்களைப் பேருந்தோடு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்ட கதைகள் அவரிடம் இரண்டு மூன்று உண்டு. அவை கூபர் பீடி வரை ஓடின.

மூன்றாம் நாள், திங்கள்: கூபர் பீடி

நேற்று இரவு பூமிக்கு அடியில் தூங்கினோம். 1915-ல் தங்கம் தேடிவந்த கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன் ஒருவன் இங்கே ஓபல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்தான். அதிலிருந்து தோண்டத் தொடங்கிய ஊர் இன்னும் நிறுத்தவில்லை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அதனால் தோண்டிய குழிக்குள்ளேயே குடும்பம் நடத்திவிட்டார்கள். உள்ளே வருடம் முழுக்க 22, 25 டிகிரிதான். ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம்.

எங்கள் அறையின் சுவரைச் சொல்ல வேண்டும். செங்கல் கிடையாது, பூச்சு கிடையாது. குடைந்த இயந்திரத்தின் பல் பட்ட தடம் வளைவு வளைவாக அப்படியே இருக்கிறது, பதநீர் வடிந்து காய்ந்த நிறத்தில். நடுநடுவே வெள்ளைக் கீற்று. மண் உதிராமல் இருக்க மேலே ஏதோ பசைபோலப் பூசியிருக்கிறார்கள், தடவினால் வழவழவென்று இருக்கிறது. கூரையில் காற்றுக்கு ஒரு குழாய். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறப்பதும் மூடுவதும் ஒன்றுதான். இரவு இரண்டு மணிக்கு அப்பா என்னை எழுப்பி, "விடிஞ்சிட்டா?" என்றார். நான்கு மணிக்கு மறுபடி. நாய் குரைக்காத, பஸ் ஹாரன் கேட்காத இடத்தில் எப்படி மணி பார்ப்பது என்பது அவர் கேள்வி.

காலையில் பார்த்தவை: பாறைக்குள் குடைந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். புல்லே இல்லாத கோல்ஃப் மைதானம். ஆடுபவர்கள் ஒரு துண்டுப் புல்தரையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். ஊரைச் சுற்றி எறும்புப் புற்றுபோல ஆயிரக்கணக்கான மண் குவியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூடாத ஒரு குழி. பின்பக்கமாக நடக்காதே என்று படம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து விழுந்தவர்களை நினைத்து வைத்ததாக இருக்கும்.

பொதுமக்கள் கல் பொறுக்கலாம் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். பொறுக்குவதற்கு இங்கே 'நூட்லிங்' என்று பெயர். கவிதா ஒன்றரை மணி நேரம் குனிந்தபடி இருந்து பால் நிறத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடித்தாள். கடைக்காரர் ஈரத் துணியால் துடைத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'பாட்ச்' என்றார். ஓபல்தான், ஆனால் உள்ளே வண்ணம் விளையாடாத ஓபல், காசு தேறாது. திருப்பித் தரும்போது பயபக்தியோடு இரண்டு கையாலும் தந்தார். அதற்காகவே அவரிடம் ஒரு தோடு வாங்க வேண்டியதாகிவிட்டது. தொழில் தெரிந்தவர்.

மாலை பிரேக்கவேஸ். ஊருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு காலத்தில் உள்நாட்டுக் கடலாக இருந்த நிலம். இப்போது மஞ்சளும் காவியும் வெள்ளையுமாகத் தனித்தனிக் குன்றுகள். சாயும் வெயிலில் பத்து நிமிடத்துக்கு ஒரு நிறம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா வேலியைப் பார்க்கப் போகலாம் என்றார். நாய் வேலி. டிங்கோ என்ற காட்டு நாய்கள் தெற்கே உள்ள ஆடுகளிடம் போகாமல் தடுக்க சுமார் 5,600 கி.மீ. நீளத்துக்குப் போட்ட கம்பி வேலி. தெற்கே ஆடு, வடக்கே மாடு. நேரில் பார்த்தால் ஆள் உயரத்துக்குச் சாதாரணக் கம்பி, மரக்கட்டை. இந்தப் பக்கம் தொடுவானம் வரை போகிறது, அந்தப் பக்கமும் தொடுவானம் வரை. அப்பா ஒரு கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

விரிசல் இன்று நகப்பூச்சைத் தாண்டிவிட்டது.

நான்காம் நாள், செவ்வாய்: கூபர் பீடி – யுலாரா, 735 கி.மீ.

விடிவதற்குள் எழுந்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். இருட்டில் ஓட்டக் கூடாது, கங்காரு குறுக்கே வரும். சாலையோரம் கிடக்கும் உடல்களைப் பார்த்தாலே புரியும். அவற்றைத் தின்னும் ஆப்பு வால் கழுகுகள் வண்டிக்கு அவ்வளவு சீக்கிரம் எழுவதில்லை. உடம்பு கனம், மெதுவாகத்தான் பறந்து மேலேறும். நாம்தான் வேகம் குறைக்க வேண்டும்.

யுலாரா, உலுருவுக்குப் பக்கத்து ஊர். ஆனால் இன்றைய நாளின் விசேஷம் உலுரு இல்லை. மார்லா ரோடுஹவுஸில், அதாவது நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கில், நின்றிருந்த ஒரு ரோடு டிரெயின். மாடு ஏற்றியது, இரண்டு அடுக்கு, மூன்று டிரெய்லர். பெட்ரோல் போட்டுவிட்டு வருவதற்குள் அப்பாவைக் காணவில்லை. தேடினால், மங்கிக் குல்லாயோடு அந்த வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார், வாய் முணுமுணுக்கிறது. ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். "அறுவத்திரெண்டு" என்றார் என்னைப் பார்த்ததும். டயர். எண்ணி முடித்துவிட்டார்.

ஓட்டுநர் கையில் காப்பியோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும், அரைக் கால்சட்டை, அந்தக் குளிரிலும். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். அப்பா பேருந்து ஓட்டுநர் என்று சொன்னதும் அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார்.

"ரிவர்ஸ் எப்படி எடுப்பாராம், கேளு."

கேட்டேன். அவர் சிரித்தார். எடுப்பதே இல்லை என்றார். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு டிரெய்லராகக் கழற்றி விட வேண்டும்.

"கங்காரு வந்தா?"

முன்னால் மாட்டியிருந்த இரும்புக் கம்பிச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். பிரேக் போட்டால் பின்னால் உள்ள மாடுகள் விழும். அவற்றில் ஒன்று விழுந்து மிதிபட்டால் அதற்கு யார் பதில் சொல்வது? அதனால் வண்டி நேராகத்தான் போகும். அப்பா தலையாட்டினார். தனக்குத் தெரிந்த விஷயத்தை இன்னொரு ஆள் வாயால் கேட்கும்போது ஆட்டுவாரே, அந்தத் தலையாட்டல். கடைசியில் அவர் எவ்வளவு பேரை ஏற்றுவீர்கள் என்று கேட்டார். அப்பா, சீட்டு 55, ஆனால் தீபாவளிக்கு மறுநாள் 120 என்றார். நான் அப்படியே சொன்னேன். அவர் மாடுகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். கிளம்பும்போது அப்பா ஒரு பாக்கெட் கடலை மிட்டாயை அவர் கையில் திணித்தார்.

வடக்குப் பிராந்திய எல்லை தாண்டியதும் வேக வரம்பு 110-லிருந்து 130. கவிதா ஓட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை.

எர்ல்டண்டாவில் இடதுபக்கம் திரும்பி மேற்கே போனால், சற்றுத் தொலைவில் இடப்பக்கம் மேசை வடிவத்தில் ஒரு பெரிய மலை. "வந்திட்டோம்" என்று அப்பா சொல்ல, நானும் காரை நிறுத்தி நாற்பது படம் எடுத்தேன். அது கானர் மலை. உலுரு என்று நினைத்து ஏமாறுவது இங்கே வழக்கமாம். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் அதை அட்டிலா என்கிறார்கள். நிஜ உலுரு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது.

ஐந்தாம் நாள், புதன்: உலுரு

உலுரு 348 மீட்டர் உயரம், சுற்றளவு கிட்டத்தட்ட 10 கி.மீ. படத்தில் வழவழவென்று தெரியும் பாறை, பக்கத்தில் போனால் முதலை முதுகு. இரும்புச் சத்துள்ள மணற்கல், காற்றுப் பட்டுத் துருப்பிடித்த சிவப்பு. புதிதாக உடைந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. அடுக்குகள் படுத்திருக்கவில்லை, செங்குத்தாக நிற்கின்றன. ஒரு பெரிய புத்தகத்தை நிமிர்த்தி வைத்ததுபோல.

இந்த நிலம் 1985 அக்டோபர் 26-ல் அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் 99 வருடக் குத்தகைக்கு அதை அரசுக்கே விட்டுத் தேசியப் பூங்காவாகத் தொடரவிட்டார்கள். ஏறாதீர்கள் என்று பல வருடம் கேட்டுக்கொண்டும் ஆட்கள் ஏறினார்கள். 2019-ல் அதே அக்டோபர் 26-ல் ஏறுவதை மூடிவிட்டார்கள். ஏறிய பாதங்கள் தேய்த்த வெளிறிய கோடு பாறையில் இன்னும் தெரிகிறது, வேட்டியில் சுண்ணாம்பு பட்டதுபோல.

அப்பாவுக்கு உடனே நினைவுக்கு வந்தது கழுகுமலை. அவர் வருடக்கணக்காக ஓட்டிய வழித்தடம் அது. பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து குடைந்து வெட்டுவான் கோயில் செய்தார்கள், பக்கத்திலேயே சமணச் சிற்பங்கள். "நம்மாளுக இத விட்டு வச்சிருக்க மாட்டானுக, உளி எடுத்திருப்பானுக" என்றார். பாராட்டா, குறையா தெரியவில்லை. எனக்கும் இரண்டும் தோன்றியது.

சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை. அந்தப் பாறையின் வடிவங்கள் தங்களுக்கு வேதம் மாதிரி, அதே இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, பலகையைப் படம் எடுத்தார். அதற்குத் தடை இல்லை போலிருக்கிறது.

முழுச் சுற்று அப்பாவால் முடியாது. முட்டிஜுலு நீர்நிலை வரை நடந்தோம். பாறையின் மடிப்புக்குள் சின்னக் குளம், சுற்றிலும் மரம். ஐந்து நாளில் முதல்முறை தேங்கிய தண்ணீரைப் பார்க்கிறோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தரை ஐஸ்போல இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவராகத்தான்.

மாலை கட்டா ஜுட்டா. 36 பாறைக் குவிமாடங்கள். உலுருவைவிட இதுதான் எனக்குப் பிடித்தது. காரணம் கேட்காதீர்கள், கை விரைத்துப்போய் எழுத முடியவில்லை.

ஆறாம் நாள், வியாழன்: யுலாரா – ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

ஆலிஸுக்குள் நுழைந்ததும் நடைபாதையெல்லாம் பட்டாசுக் காகிதம். ஜூலை 1 வடக்குப் பிராந்திய தினம். 1978-ல் தன்னாட்சி கிடைத்த நாள். அன்று மாலை 6 முதல் 11 வரை பொதுமக்கள் பட்டாசு வெடிக்கலாம். நாட்டின் மற்ற பகுதிகளில் இது பெரும்பாலும் நடக்காத காரியம். நாங்கள் அன்று இரவு யுலாராவில் ஒன்பது மணிக்கே போர்வைக்குள் இருந்தோம். கவிதாவுக்கு இன்னும் ஆறவில்லை.

டாட் நதியில் மணல்தான் ஓடுகிறது. வருடா வருடம் இந்த மணலில் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அடிப்பாகம் இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் ஓட வேண்டும். 1993-ல் ஒருமுறை போட்டி ரத்தானது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

மதியம் சாலைப் போக்குவரத்து அருங்காட்சியகம். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துச் சரக்கை முதலில் இழுத்தவை ஒட்டகங்கள். கராச்சியிலிருந்து கப்பலில் வந்த ஒட்டகக்காரர்களில் பலர் பலூச்சிகள், பஞ்சாபிகள், பட்டாணியர்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே பெயர், 'ஆப்கான்'. அந்தப் பெயர்தான் சுருங்கி 'கான்' என்று அடிலெய்டு ரயிலின் பெயராகிவிட்டது. ரயில் ஆலிஸுக்கு வந்தது 1929-ல். அதன்பின் லாரிகள் வந்ததும் ஒட்டகங்களை அவிழ்த்து விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்னும் பாலைவனத்தில் காட்டு ஒட்டகமாகத் திரிகின்றன.

1934-ல் அரசு இங்கிலாந்திலிருந்து ஒரு இழுவை வண்டியைக் கொண்டுவந்து ஓட்டியது. அப்புறம் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கர்ட் ஜோஹன்சன் என்ற உள்ளூர்க்காரர், ராணுவம் கழித்துவிட்ட டயமண்ட் டி லாரியைப் பிடித்து, பின்னால் டிரெய்லர்களைக் கோத்தார். முன்வண்டி போன தடத்திலேயே பின்வண்டியும் திரும்பும்படி அச்சை அமைத்ததுதான் அவர் செய்த வேலை. வாரக்கணக்கில் மாட்டை நடத்திக்கொண்டு போன காலம் அதோடு முடியத் தொடங்கியது. அப்பா அந்த இணைப்பின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். அரை மணி நேரம். "ஆளு மெக்கானிக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பட்டம் வராது.

ஏழாம் நாள், வெள்ளி: ஷோ

ஷோவுக்காக ஊருக்கே விடுமுறை. பிளாதர்ஸ்கைட் பார்க்கில் செம்மண் புழுதி, குதிரைச் சாணி, பொரித்த எண்ணெய், பஞ்சு மிட்டாய் எல்லாம் கலந்த வாசனை. நம்மூர்ப் பொருட்காட்சியேதான், அப்பளம் மட்டும் சின்னது.

கேக் போட்டிக் கூடத்தில் கவிதா நெடுநேரம் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஜாம், ஸ்கோன், பழக் கேக். ஒவ்வொரு கேக்கிலும் நடுவர்கள் ருசி பார்க்க ஒரு துண்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். முதல் பரிசுக்கு நீல ரிப்பன். எத்தனையோ கிலோமீட்டர் தள்ளிப் பண்ணைகளில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சந்தித்துப் பேசிக்கொள்ள இந்தக் கூடம் ஒரு சாக்கு என்று தோன்றியது. கேக்கைப் பார்ப்பவர்களைவிடக் கேக் முன்னால் நின்று மழையைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம்.

கோழிக் கூண்டுகள், குதிரைத் தாண்டல், பிள்ளைகள் கையில் பொம்மைப் பைகள். அப்பா எதிலும் நிற்கவில்லை. ராட்டினங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். டாட்ஜெம் கார். இடித்து விளையாடும் மின்சாரக் கார்கள்.

"இதுக்கு லைசென்சு கேப்பானா?"

கேட்க மாட்டார்கள் என்றேன். டிக்கெட் வாங்கினேன். 72 வயது, மங்கிக் குல்லாய், ஸ்வெட்டர். கால் முட்டி இடிக்கப் பச்சை நிறக் கார் ஒன்றில் உட்கார்ந்தார். கண்ணாடி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார், இல்லை. மணி அடித்தது.

சுற்றிலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டிருக்க, அப்பா யார்மேலும் படாமல் ஓட்டினார். இடது ஓரம் பிடித்தார். வளைவில் வேகம் குறைத்தார். இடிக்க வந்தவர்களுக்கு விலகி வழி விட்டார். வேலியோரம் நின்ற ஆட்கள் அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முன்பல் இரண்டு விழுந்த ஒரு பையன் மூன்று முறை குறி வைத்தும் முடியாமல், நான்காவது முறை நேருக்கு நேர் வந்தான். அப்பா கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பி, கடக்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த சுற்றில் எதிரே வரும்போது, அவனும் தூக்கினான்.

மின்சாரம் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அப்பா இறங்கவில்லை. "இன்னொரு டிரிப்புக்குச் சீட்டு வாங்கு" என்றார்.